ஆட்டிசம் உள்ளவர் வேலையிடத்தில் உரிமை கேட்பது: முதல் கடிதத்திலிருந்து சமரசம் வரை

அப்ரைசலில் "டீமோடு ஒட்டுவதில்லை" என்று எழுதிவிட்டார்கள். வீட்டிலிருந்து வேலை செய்ய இருந்த அனுமதியைத் திடீரென்று ரத்து செய்துவிட்டார்கள். மீட்டிங்கில் பேசிய தொனி சரியில்லை என்று எச்சரிக்கைக் கடிதம் வந்திருக்கிறது. ஆட்டிசம் உள்ள ஊழியருக்கும் நிறுவனத்துக்கும் இடையிலான தகராறு பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கிறது. "உங்களுக்கு ஆட்டிசம், அதனால் வேண்டாம்" என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அதனால்தான் இது உரிமைப் பிரச்சினையா, நம்முடைய குறையா என்ற குழப்பம் பாதிக்கப்பட்டவருக்கே வந்துவிடுகிறது.

அந்தக் குழப்பத்தில் இருப்பவருக்காக இதை எழுதுகிறேன். இதில் திரும்பத் திரும்ப வரப்போகும் விஷயம் ஒன்றுதான்: உங்களுக்கு என்ன வேண்டும் என்பதைத் தெளிவாக, எழுத்தில், தேதியோடு கேளுங்கள். முடிந்தால் சண்டை வருவதற்கு முன்பே கேளுங்கள். பின்னால் விசாரிக்கிறவர்கள் பார்ப்பது இதைத்தான்: இவர் கேட்டாரா? கேட்டது செய்யக்கூடியதா? செய்யாததற்கு நிறுவனம் என்ன காரணம் சொன்னது?

சட்டத்தின் அடிப்படை

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை 2006 டிசம்பரில் ஏற்கப்பட்டு 2008 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. அதன் இரண்டாவது பிரிவு "நியாயமான ஏற்பாடு" என்பதை விளக்குகிறது. மற்றவர்களுக்குச் சமமாக ஒருவர் தன் உரிமையைப் பயன்படுத்த, அவருக்குத் தேவையான மாற்றத்தை, நிறுவனத்தின் மேல் அளவுக்கு மீறிய சுமை ஏற்றாமல் செய்து கொடுப்பது என்பதே அதன் பொருள். அதை மறுப்பதும் பாகுபாடுதான் என்று அதே பிரிவு சொல்கிறது. வேலை உரிமை 27 ஆவது பிரிவில் வருகிறது.

நாட்டுச் சட்டங்கள் இதே கருத்தைத் தங்கள் தங்கள் வழியில் சொல்கின்றன. இந்தியாவில் 2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. பிரிட்டனில் 2010 ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம். அமெரிக்காவில் 1990 இல் வந்து 2008 இல் திருத்தப்பட்ட மாற்றுத்திறனாளிகள் சட்டம். இது 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களுக்குப் பொருந்தும். கனடாவில் "அளவுக்கு மீறிய கஷ்டம்" என்ற எல்லை வரை ஏற்பாடு செய்து கொடுப்பது முதலாளியின் கடமை. உங்கள் நாட்டுச் சட்டத்தில் மூன்று விஷயங்களை மட்டும் முதலில் தேடிப் பாருங்கள்: உங்கள் நிறுவனத்துக்கு அது பொருந்துமா, புகாரை எங்கே கொடுப்பது, எத்தனை நாளுக்குள் கொடுப்பது. மற்றதை மெதுவாகப் படிக்கலாம்.

முதல் வேலை: உங்கள் பட்டியல்

சட்டத்துக்கு முன்னால் உங்கள் வேலை நாளை எடுத்துப் பாருங்கள். எது தடையாக இருக்கிறது, அதனால் வேலையில் என்ன பாதிப்பு, எது இருந்தால் சரியாகும் என்று ஒவ்வொன்றுக்கும் எழுதுங்கள். "சத்தம் தாங்க முடியவில்லை" என்று மட்டும் எழுதினால் போதாது. "என் இருக்கை பேன்ட்ரி வாசலில் இருக்கிறது, ஆட்கள் வந்துபோய்க் கொண்டே இருப்பதால் கணக்குச் சரிபார்ப்பில் பாதியில் விட்ட இடத்தை மறுபடி தேட வேண்டியிருக்கிறது, மூலையில் இடம் மாற்றி, ஹெட்ஃபோன் போட அனுமதித்தால் இது தீரும்" என்று எழுதினால் அதை மறுக்க நிறுவனம் காரணம் தேட வேண்டியிருக்கும்.

அடிக்கடி வருபவை இவை: கண்ணைக் குத்தும் விளக்கு, வாய்மொழியாக மட்டும் தரப்படும் உத்தரவு, கடைசி நிமிட மாற்றம், "சீக்கிரம் முடிங்க" என்பது போல் தேதியில்லாத கெடு, கட்டாய ஃபோன் பேச்சு, கேமரா போட்டே தீர வேண்டும் என்ற வீடியோ கூட்டம், கண்ணைப் பார்த்துப் பேசவில்லை என்ற புகார், பார்ட்டிக்கு வராதது அப்ரைசலில் குறையாக ஏறுவது. பலவற்றுக்குத் தீர்வு செலவில்லாதது. உத்தரவை மெயிலில் அனுப்ப ஒரு ரூபாய்கூட ஆகாது.

பட்டியல் நீளமாக வரும். அதில் உங்கள் வேலையைக் காப்பாற்றும் மூன்று நான்கை மட்டும் முதல் கடிதத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள். இருபது கேட்டால், எளிதான இரண்டைக் கொடுத்துவிட்டு "பெரும்பாலும் செய்து கொடுத்தோம்" என்று காட்டுவார்கள்.

சான்றிதழ்: எவ்வளவு தேவை?

மருத்துவச் சான்று இருந்தால் பாதி வாக்குவாதம் அங்கேயே முடியும். ஆனால் முழு மதிப்பீட்டு அறிக்கையையும் ஹெச்.ஆரிடம் தூக்கிக் கொடுக்காதீர்கள். அதில் உங்கள் சிறுவயது, குடும்பம், மனநலம் எல்லாம் இருக்கும். உங்களுக்கு ஆட்டிசம் உண்டு, வேலையில் இன்னின்ன பாதிப்பு வரும், இன்னின்ன ஏற்பாடு உதவும் என்று மருத்துவரிடமோ உளவியலாளரிடமோ ஒரு பக்கக் கடிதம் வாங்குங்கள். அது போதும்.

இந்தியாவில் இருப்பவர்கள் இங்கே கொஞ்சம் நின்று படிக்க வேண்டும். "உங்கள் சான்றிதழில் குறைபாட்டின் அளவு 40 சதவீதம் இல்லையே, சட்டம் பொருந்தாது" என்று பல அலுவலகங்கள் சொல்கின்றன. 40 சதவீதம் என்பது இடஒதுக்கீடு போன்ற சில சலுகைகளுக்கான அளவு. நியாயமான ஏற்பாட்டுக்கு அந்த அளவு தேவையில்லை. எழுதும்போது கை பிடித்துக்கொள்ளும் சிக்கல் உள்ள ஒருவர், குடிமைப் பணித் தேர்வில் தனக்காக எழுத ஒரு ஆள் வேண்டும் என்று மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையத்துக்கு எதிராகப் போன வழக்கில், 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. ஆட்டிச மதிப்பீட்டில் 40க்குக் கீழே வந்தவர்கள் மனம் தளர்ந்து சட்டத்தையே விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள்.

இன்னொரு தடை: "பார்த்தால் அப்படித் தெரியவில்லையே, இத்தனை வருஷம் நன்றாகத்தானே இருந்தீர்கள்?" பலர் தங்கள் இயல்பை மறைத்து, மற்றவர்களைப் பார்த்துப் பழகி, அதற்காகவே தினமும் களைத்துப்போய் வேலை பார்க்கிறார்கள். அப்படிப் பழகிக்கொண்ட உத்திகளைக் கணக்கில் எடுக்காமல்தான் பாதிப்பை அளக்க வேண்டும் என்று அமெரிக்காவின் 2008 திருத்தம் சொல்கிறது. கணக்கில் எடுக்கக் கூடாதவை என்று அது தரும் பட்டியலில், பழகிக் கற்ற நடத்தை மாற்றங்களும் பெயர் சொல்லியே வருகின்றன. எந்த நாட்டில் இருந்தாலும், மருத்துவரின் கடிதத்தில் வெளியே தெரியும் நடத்தையோடு அதற்குப் பின்னால் நீங்கள் கொடுக்கும் விலையும் வரட்டும்: வீட்டுக்கு வந்த பின் பேச முடியாமல் போவது, தூக்கம் கெடுவது, வாரக்கடைசி முழுக்க எழுந்திருக்க முடியாமல் கிடப்பது.

யாரிடம் சொல்வது, எப்போது சொல்வது

சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. அதில் யாரும் உங்களை அவசரப்படுத்தக் கூடாது. ஆனால் ஒரு நடைமுறை உண்மை உண்டு. நிறுவனத்துக்குத் தெரியாத ஒன்றுக்காக அதைப் பொறுப்பாக்குவது கஷ்டம். பிரிட்டன் சட்டத்தில், முதலாளிக்குத் தெரிந்திருக்க வேண்டும், அல்லது நியாயமாகப் பார்த்தால் தெரிந்திருக்கக்கூடியதாக இருக்க வேண்டும். நட்பான மேலாளரிடம் காபி நேரத்தில் சொன்னது, அவர் வேறு டீமுக்குப் போனதும் காணாமல் போய்விடும். சொல்வதென்று முடிவு செய்தால் ஹெச்.ஆருக்கும் மேலாளருக்கும் சேர்த்து ஒரு மெயில் போடுங்கள். இந்தத் தகவலைத் தேவைப்படுபவர்களுக்கு மட்டும் தெரிவிக்குமாறு அதிலேயே கேளுங்கள்.

ஒழுங்கு நடவடிக்கை ஆரம்பித்த பிறகுதான் சொல்ல நேர்ந்தாலும் சொல்லுங்கள். தாமதமாகச் சொன்னதை அவர்கள் குத்திக்காட்டுவார்கள். ஆனாலும் அந்த நாளிலிருந்து அவர்களுக்குத் தெரியும். அதன் பின் எடுக்கும் ஒவ்வொரு முடிவுக்கும் பதில் சொல்ல வேண்டும்.

கடிதம்

அலுவலகத்தில் எந்த மொழியில் எழுதுவீர்களோ அதே மொழியில் எழுதுங்கள். வடிவம் இப்படி இருக்கலாம்:

"எனக்கு ஆட்டிசம் இருப்பது மருத்துவ ரீதியாக உறுதி செய்யப்பட்டுள்ளது. மருத்துவரின் கடிதத்தை இணைத்துள்ளேன். என் பணியைத் தொடர்ந்து நன்றாகச் செய்ய, சட்டப்படி கீழ்க்காணும் நியாயமான ஏற்பாடுகளைக் கோருகிறேன்.

ஒன்று, பணி உத்தரவுகளும் முன்னுரிமை மாற்றங்களும் மெயிலில் வர வேண்டும். வாய்மொழியாக மட்டும் வரும்போது பல படிகள் கொண்ட உத்தரவில் எனக்குத் தவறு நேர்கிறது. இரண்டு, கூட்டங்களின் பொருள் முந்தைய நாளே தெரிய வேண்டும். மூன்று, சத்தம் குறைந்த இருக்கை.

இவற்றில் ஏதேனும் இயலாது என்றால் காரணத்தையும், மாற்றாக எதைச் செய்ய முடியும் என்பதையும் எழுத்தில் தெரிவிக்கவும். இது பற்றிப் பேசத் தயாராக இருக்கிறேன். இரண்டு வாரத்துக்குள் பதிலை எதிர்பார்க்கிறேன்."

இவ்வளவுதான். கோபம் வேண்டாம், பழைய கதை வேண்டாம், சட்டப் பிரிவுகளை அடுக்கவும் வேண்டாம். "சட்டப்படி" என்ற ஒரு சொல் கட்டாயம் இருக்கட்டும். இல்லாவிட்டால் இதைச் சலுகை கேட்ட கடிதம் என்று பின்னால் சொல்லிவிடுவார்கள். காரணத்தை எழுத்தில் கேட்கும் வரியையும் விட்டுவிடாதீர்கள். இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் கீழ் வந்த 2017 ஆம் ஆண்டின் விதிகளே அதைக் கேட்கின்றன: பாகுபாடு என்று புகார் வந்தால், நிறுவனத் தலைவர் நடவடிக்கை எடுக்க வேண்டும், அல்லது தாங்கள் செய்தது ஏன் நியாயமானது என்று எழுத்தில் விளக்க வேண்டும். ஏற்பாட்டுக்கான செலவை ஊழியர் தலையில் கட்டக் கூடாது என்றும் அந்த விதிகளில் இருக்கிறது. "ஹெட்ஃபோனை நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள்" என்று சொன்னால் இதை நினைவுபடுத்தலாம்.

வரும் பதில்கள்

"உங்களுக்குக் கொடுத்தால் எல்லோரும் கேட்பார்கள்." கேட்கட்டும், தேவை உள்ளவருக்குத் தேவையானதைக் கொடுப்பதுதான் சட்டம். எல்லோரையும் ஒரே மாதிரி நடத்தினோம் என்பது இங்கே பதிலாகாது.

இதற்கு நல்ல உதாரணம் பிரிட்டனில் 2017 இல் வந்த ஒரு தீர்ப்பு. அரசு சட்டப் பணிக்கு விண்ணப்பித்த, ஆஸ்பெர்கர் (ஆட்டிசத்தின் ஒரு வகை) உள்ள ஒருவர், ஆன்லைன் தேர்வில் கொடுத்த விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் முறைக்குப் பதிலாகச் சுருக்கமாக எழுதிப் பதில் சொல்ல அனுமதி கேட்டார். மறுத்துவிட்டார்கள். எல்லா விண்ணப்பதாரருக்கும் ஒரே தேர்வு என்பது அவர்கள் வாதம். தொழிலாளர் தீர்ப்பாயமும் அதன் மேல்முறையீட்டு அமர்வும் விண்ணப்பதாரர் பக்கமே தீர்ப்புச் சொல்லின. அவர் கேட்டது சிறியது, தெளிவானது, முன்கூட்டியே கேட்டது. அதைக் கவனியுங்கள்.

"இது வேலையின் அடிப்படைத் தேவை" என்ற பதில்தான் கடினமானது. சில நேரம் அது உண்மையாகவும் இருக்கும். வாடிக்கையாளர் அழைப்பை எடுப்பதே வேலை என்றால் ஃபோனே வேண்டாம் என்று கேட்க முடியாது. அப்போது வேறு பதவிக்கு மாற்றம், குறைந்த நேரம், அழைப்புகளுக்கு இடையில் ஓய்வு என்று கேட்கலாம். ஆனால் வேலை விவரக் குறிப்பில் எங்குமே இல்லாத ஒன்றை, "கலகலப்பாகப் பழகுவது" போன்றதை, திடீரென்று அடிப்படைத் தேவை ஆக்கினால், அந்தக் குறிப்பை எடுத்துக் காட்டுங்கள்.

பதிலே வராமல் இருப்பதும் உண்டு. இரண்டு வாரம் கழித்து அதே மெயிலின் மேல் ஒரு நினைவூட்டல், அப்புறம் இன்னொன்று. பதில் சொல்லாததையும் பதிவு செய்துகொள்ளுங்கள்.

பதிவேடு

தேதி, யார், என்ன சொன்னார்கள், யார் கூட இருந்தார்கள், அதனால் என்ன ஆனது. ஒரு நோட்டில் அன்றன்றே எழுதுங்கள். வாய்மொழியாக ஏதாவது சொன்னால் அன்றே ஒரு மெயில்: "இன்று பேசியதில் நான் புரிந்துகொண்டது இது, தவறிருந்தால் திருத்தவும்." எல்லாவற்றையும் துல்லியமாகக் குறித்து வைக்கும் பழக்கம் ஆட்டிசம் உள்ள பலருக்கு இயல்பிலேயே உண்டு. மேலாளர் "எதையும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்" என்று குறைசொல்லும் அந்தக் குணம், தகராறில் உங்களுடைய பெரிய பலம்.

இரண்டு எச்சரிக்கைகள். கம்பெனியின் ரகசியக் கோப்புகளையும் வாடிக்கையாளர் தகவல்களையும் சொந்த மெயிலுக்கு அனுப்பாதீர்கள். நியாயமான புகார் வைத்திருந்தவரை அதைக் காட்டியே வேலையைவிட்டு நீக்க வழி கொடுத்துவிடும். உங்கள் அப்ரைசல், உங்களுக்கு வந்த கடிதம், உங்கள் கோரிக்கை இவற்றின் நகல் வீட்டில் இருக்கட்டும். அடுத்து, பேச்சை ரகசியமாகப் பதிவு செய்வது சில இடங்களில் குற்றம். உள்ளூர் சட்டம் தெரியாமல் ஃபோனை ஆன் செய்யாதீர்கள். "எனக்குப் பேசியதை நினைவில் கோர்ப்பது சிரமம், பதிவு செய்யலாமா?" என்று வெளிப்படையாகக் கேட்கலாம், அதுவே ஒரு நியாயமான ஏற்பாட்டுக் கோரிக்கைதான்.

விசாரணைக் கூட்டம் என்றால்

ஆட்டிசம் உள்ளவருக்கு இந்தக் கட்டம்தான் மிகக் கொடுமை. தெரியாத அறை, எதிரே மூன்று பேர், வளைத்து வளைத்துக் கேட்கும் கேள்விகள். கண்ணைப் பார்க்காததைப் பொய் சொல்வதாக நினைப்பார்கள். பதில் தாமதமானால் மழுப்புவதாக நினைப்பார்கள். அதனால் கூட்டத்துக்கே தனியாக ஏற்பாடு கேளுங்கள்: கேள்விகள் முன்கூட்டியே எழுத்தில், கூட ஒரு துணை, இடைவேளை, சில கேள்விகளுக்கு இரண்டு நாள் கழித்து எழுத்தில் பதில் சொல்லும் வாய்ப்பு. பிரிட்டனில் சக ஊழியரையோ தொழிற்சங்கப் பிரதிநிதியையோ அழைத்துப் போவது சட்ட உரிமை. மற்ற இடங்களில் இதையும் ஏற்பாடாகக் கேட்கலாம். சங்கம் இருந்தால் சேருங்கள். பல சங்கங்கள் சேருவதற்கு முன்பே ஆரம்பித்த பிரச்சினையில் உதவாது என்பதால் காத்திருக்க வேண்டாம்.

கூட்டத்தில் குரல் உயர்ந்துவிட்டது, அல்லது பேச்சே வராமல் உறைந்துவிட்டீர்கள் என்றால், அன்றே எழுதி அனுப்புங்கள்: என்ன நடந்தது, எதனால் நடந்தது, கேட்ட எந்த ஏற்பாடு அன்று தரப்படவில்லை என்று. நடத்தையைக் காட்டித் தண்டிக்கும்போது, அந்த நடத்தைக்கும் குறைபாட்டுக்கும் தொடர்பு உண்டா என்பதே கேள்வி. மத்திய ரிசர்வ் போலீஸ் படை அதிகாரி ஒருவர், மனநலப் பாதிப்பு இருந்த காலத்தில் நடந்துகொண்ட விதத்துக்காக ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளானார். அந்த நடவடிக்கையை 2021 டிசம்பரில் இந்திய உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. நடத்தைக்குக் குறைபாடு ஒன்றே முழுக் காரணமாக இருக்க வேண்டியதில்லை, காரணங்களில் ஒன்றாக இருந்தாலே பாதுகாப்பு கிடைக்கும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். "தொனி சரியில்லை" என்ற குற்றச்சாட்டோடு போராடுபவர் இதைத் தன் வழக்கறிஞரிடம் கட்டாயம் கேட்க வேண்டும்.

ராஜினாமா செய்யாதீர்கள்

உடம்பு தாங்கவில்லை என்றால் மருத்துவ விடுப்பு எடுங்கள். அறையிலிருந்து வெளியே வந்த வேகத்தில் ராஜினாமா கடிதம் கொடுத்தால், நீங்களே போய்விட்டீர்கள் என்பதே நிறுவனத்தின் முதல் வாதமாக இருக்கும். "நீங்களே எழுதிக் கொடுத்தால் நல்ல சர்டிபிகேட் தருகிறோம்" என்றால், வீட்டுக்குப் போய்ப் படித்துவிட்டுச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிடுங்கள். அங்கேயே கையெழுத்துப் போட வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

வெளியே போவது, கெடு

கம்பெனிக்குள் கொடுத்த புகார் நடந்துகொண்டிருக்கிறது என்பதற்காக வெளியே ஆணையத்திலோ தீர்ப்பாயத்திலோ புகார் கொடுப்பதற்கான கெடு பொதுவாக நிற்காது. நல்ல வழக்குகள் இதில்தான் வீணாகின்றன. அமெரிக்காவில் சம வேலைவாய்ப்பு ஆணையத்துக்கு 180 நாள், மாநிலச் சட்டமும் இருந்தால் 300 நாள். பிரிட்டன் தீர்ப்பாயத்தில் பல ஆண்டுகளாக இருந்த கெடு மூன்று மாதத்துக்கு ஒரு நாள் குறைவு, அதற்கு முன் வேலைத் தகராறுகளில் சமரசம் பேசும் ஏகாஸ் (Acas) என்ற அமைப்பின் சமரசப் படியைத் தொட வேண்டும். கெடுக்கள் திருத்தப்படுகின்றன, சம்பவம் நடந்த அன்றே இன்றைய விதியைப் பார்த்துக் காலண்டரில் குறியுங்கள்.

இந்தியாவில் மாற்றுத்திறனாளிகளுக்கான தலைமை ஆணையர், மாநில ஆணையர் ஆகியோரிடம் புகார் கொடுக்கலாம். கட்டணமில்லை, வழக்கறிஞர் கட்டாயமில்லை. ஆணையர் ஒரு பரிந்துரை அனுப்பினால் அந்த நிறுவனம் மூன்று மாதத்துக்குள் நடவடிக்கையைத் தெரிவிக்க வேண்டும். ஏற்கவில்லை என்றால் காரணம் சொல்ல வேண்டும். ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்: 2016 சட்டத்தில் வேலை தொடர்பான 20 ஆவது பிரிவு அரசு நிறுவனங்களைப் பற்றியே பேசுகிறது. தனியாரில் இருப்பவர்கள் பாகுபாட்டைத் தடுக்கும் 3 ஆவது பிரிவையும், சமவாய்ப்புக் கொள்கையை எல்லா நிறுவனங்களும் வெளியிட வேண்டும் என்ற 21 ஆவது பிரிவையும் பிடித்துத்தான் போக வேண்டியிருக்கிறது. 20 பேரோ அதற்கு மேலோ உள்ள தனியார் நிறுவனம் விரிவான கொள்கை வைத்திருக்க வேண்டும். "உங்கள் சமவாய்ப்புக் கொள்கையின் நகல் வேண்டும்" என்று ஒரு மெயில் போட்டுப் பாருங்கள். அப்படி ஒன்று இல்லை என்றால் அதுவே உங்கள் புகாரின் முதல் பத்தி.

புகார் கொடுத்ததற்காகப் பழிவாங்குவதைப் பல நாட்டுச் சட்டங்கள் தனிக் குற்றச்சாட்டாகவே பார்க்கின்றன. புகாருக்குப் பின் திடீரென்று மோசமான அப்ரைசலோ இடமாற்றமோ வந்தால், பழைய அப்ரைசல்களையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அடுத்த புகாரில் சேருங்கள்.

சமரசம்

பல தகராறுகள் தீர்ப்பு வரை போவதில்லை. ஒரு தொகை கொடுத்து முடித்துக்கொள்ள நிறுவனம் முன்வரும். அதை ஏற்பது தோல்வியில்லை. வழக்கு உங்களை எவ்வளவு வதைக்கும் என்று உங்களுக்குத்தான் தெரியும். கையெழுத்துக்கு முன் சிலவற்றை எழுதி வாங்குங்கள்: அடுத்த வேலைக்கான சான்றுக் கடிதத்தின் வாசகம் ஒப்பந்தத்தோடு இணைக்கப்பட வேண்டும், யாராவது ஃபோனில் விசாரித்தால் அந்த வாசகத்தைத் தாண்டிப் பேசக் கூடாது, நிலுவைச் சம்பளம், விடுப்புப் பணம், பி.எஃப். போன்றவை சமரசத் தொகைக்கு வெளியே தனியாக வர வேண்டும். வெளியே பேசக் கூடாது என்ற நிபந்தனை இருந்தால், மருத்துவரிடமும் குடும்பத்திடமும் வழக்கறிஞரிடமும் பேசலாம் என்ற விலக்கைச் சேர்க்கச் சொல்லுங்கள். வேலையில் தொடர்வதுதான் சமரசம் என்றால், ஒவ்வொரு ஏற்பாடும் எந்தத் தேதியிலிருந்து, யார் பொறுப்பில், மேலாளர் மாறினால் அடுத்தவருக்கு யார் தெரிவிப்பது என்பது வரை அதில் இருக்கட்டும். படித்துப் பார்க்க ஒரு வாரம் கேளுங்கள். தர மறுத்தால், அந்த மறுப்பையும் மெயிலில் வாங்கிக்கொண்டு வழக்கறிஞரிடம் போங்கள்.